கழன்று விழும் பெல்ட்

ஆம்பூர்,
ஞாயிறு, மதியம்.

ஜீவாவின் அப்பாவுக்கு பாக்யா எழுதுவது. நானும் ஜீவாவும் இங்கே நலம். நீங்கள் நலமா என்று முறைப்படி கேட்க வேண்டும். கேட்டால் சூப்பராக இருக்கிறேன் என்பீர்கள். அதனால் இந்த முறை கேட்கவில்லை.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். லீவில் ஊருக்கு வந்த சமீருல்லா சொன்னதெல்லாம் நிஜமா என்று வியாழக்கிழமை போனில்தான் கேட்டேனே. பின்னால் கேம்ப் ஆட்கள் சிரிக்கிற சத்தம் வந்தது. ஒன்றுமில்லை, சமீரு எதையும் ஜாஸ்தியாகத்தான் சொல்வான் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். இதை அப்படி வைக்க முடியாது. நீங்கள் கடைசி வரி படிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருக்கச் சொல்லித்தான், லீவு முடிந்து திரும்புகிற சமீருல்லாவிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

அவர்மேல் கோபப்படாதீர்கள். நீங்கள் கொடுத்த பேரீச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு மேல்விஷாரத்திலிருந்து பைக்கில் வந்தார். டீ குடித்துக்கொண்டிருந்தவரிடம், உங்கள் நெற்றிக் காயத்துக்குக் காரணம் என்று நீங்கள் சொன்ன அந்தக் கட்டிலை மாற்றிவிட்டார்களா என்று பேச்சுக்குத்தான் கேட்டேன். எந்தக் கட்டில் என்று அவர் கேட்டார். அதற்குப் பிறகு பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னார்.

அங்கே சலாலாவில் மழைக்காலம் தொடங்கி, கடல் கலங்கிப் போய், நீட்டிய கை தெரியாத தண்ணீராம். உள்ளூர்க்காரர்களே இறங்கவில்லையாம். என் வீட்டுக்காரர் மட்டும் மீன் குத்துகிற ஈட்டித் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு பாறையிலிருந்து இறங்கியிருக்கிறார். சமீருல்லா பாறைமேல் நின்று நீங்கள் அடையாளத்துக்குக் கயிற்றில் கட்டியிருக்கிற மஞ்சள் கேன் மிதக்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அலை உங்களைப் பாறையில் மோதியதும், தண்ணீர் குடித்ததும், தலை ஒருமுறை மேலே வந்து மறுபடி உள்ளே போனதும் பார்த்தாராம். அவர் குதித்து உங்கள் ரப்பர் சட்டையின் கழுத்தைப் பிடித்தபோது, உங்கள் இரண்டு கையும் இடுப்பில்தான் இருந்ததாம்.

என் பெல்ட்டில்.

ரப்பர் சட்டை ஆளை மிதக்க வைக்கும், ஈயக்கட்டி கோத்த பெல்ட் கட்டினால்தான் அடியில் போகலாம் என்று நீங்கள்தான் எனக்குப் பாடம் நடத்தினீர்கள். ஆபத்து வந்தால் முதல் வேலை அந்தப் பெல்ட்டைக் கழற்றி விடுவது என்பதை மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் எருமைத் தோலை இரண்டு மடிப்பு வைத்து, நைலான் நூலில் இரட்டைத் தையல் போட்டு, இரண்டு முள் பக்கிள் வைத்திருப்பேனா? பதினொரு வருடமாக ஷூ கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவள் நான். இழுத்தால் பிரிகிற எதுவும் என் மேஜையைத் தாண்டிப் போனதில்லை. உங்களுக்குச் செய்வதில் மட்டும் குறை வைப்பேனா என்று பெருமையாகத் தைத்தேன்.

அதே தோலில் முதலில் அளவு பார்க்கத் தைத்த இன்னொரு பெல்ட் அலமாரியில் கிடந்தது. நேற்று அரை நாள் ஷிப்ட். கட்டிங் செக்‌ஷன் ஹுமேராவை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். காலையிலேயே ஒரு வாளியில் கல் உப்பு கரைத்து பெல்ட்டை ஊறப்போட்டிருந்தேன். அதைக் குளியலறையில் இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கழற்றப் பார்த்தேன். ஹுமேரா போனில் நேரம் பார்த்தாள்.

வரவில்லை. ஊறிய தோல் முள்ளைக் கவ்விக்கொண்டது. முள் வெளியே வர வேண்டுமானால் பெல்ட்டை முதலில் இன்னும் இறுக்க வேண்டும். மூச்சு முட்டுகிறவன் எப்படி இறுக்குவான்? நாற்பது நொடியில் எனக்கு மூச்சு போய்விட்டது. மூக்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் இழுத்தேன், அப்போதும் வரவில்லை. காலுக்குக் கீழே தரை இருக்கிறது, கதவு திறந்திருக்கிறது, எதிரில் ஹுமேரா நிற்கிறாள். இருந்தும் கத்திவிட்டேன். அவள் தோல் வெட்டுகிற கத்தியால் அறுத்துத்தான் எடுத்தாள். அதற்கே நாலைந்து முறை அறுக்க வேண்டியிருந்தது. "நீ தப்பா தைக்கலடி, ரொம்ப நல்லா தச்சிட்ட. அதான் பேஜாரா போச்சு" என்றாள். நான் வெறுந்தரையில் உட்கார்ந்து அழுதேன்.

நீங்கள் செத்துப்போயிருந்தால் என் தையலால் செத்திருப்பீர்கள். இதை எழுதாமல் விட முடியாது.

இதைவிட எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. கரைக்கு வந்ததும் சமீருல்லா அந்தப் பெல்ட்டைத் தூக்கி எறியச் சொன்னாராம். "பாக்யா தச்சது, எங்க போட்றது?" என்றீர்களாம். அடுத்த வெள்ளிக்கிழமையும் அதையே கட்டிக்கொண்டு இறங்கினீர்களாம். ஏங்க, என் மனசு நோகும் என்றா? நொந்தால் நொந்துவிட்டுப் போகிறேன். உங்களுக்கு இந்த அளவு பாசம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு இப்படி ஒரு வழியா வேண்டும்?

கடலுக்கே போகாதீர்கள் என்று எழுத மாட்டேன். எழுதினால் போய்விட்டுச் சொல்லாமல் இருப்பீர்கள். வாரத்தில் அந்த ஒரு காலைதான் உங்கள் குரலில் சந்தோஷம் கேட்கிறது, அதுவும் எனக்குத் தெரியும். கை தெரியாத தண்ணீர் என்றால் மட்டும் திரும்பி வந்துவிடுங்கள். மீன் அடுத்த வாரமும் இருக்கும்.

மற்றபடி இங்கே மழை கம்மி. அணைக்கட்டு ஊரில் இருக்கிற உங்கள் அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. ஜீவா கணக்கில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். நீங்கள் மீனைத் தூக்கிப் பிடித்திருக்கிற போட்டோவை டீச்சருக்கெல்லாம் காட்டியிருக்கிறாள்.

இத்துடன் புதுப் பெல்ட் வைத்திருக்கிறேன். தோல் இல்லை, லாரி டியூப் ரப்பர். பக்கிளுக்காக நேற்று சாயங்காலமே வேலூர் லாங் பஜார் வரை போனேன். கடைக்காரர் பிடித்தால் விடாத ரகமாக எடுத்துப் போட்டார். தொட்டால் கழல்கிறது வேண்டும் என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். சோப்புத் தண்ணீரிலும் மணலிலும் முக்கி, கண்ணை மூடி, இடது கையால் ஐம்பது தடவை இழுத்துப் பார்த்தேன். ஐம்பது தடவையும் காலடியில் விழுந்தது. என் மேஜைக்கு வந்திருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ரிஜெக்ட் செய்திருப்பேன்.

பழைய பெல்ட்டை இப்போதே சமீருல்லா கையில் கொடுங்கள். அவர் இரண்டாக அறுத்து எனக்குப் போட்டோ அனுப்புவார்.

வெள்ளிக்கிழமை கடல் கொஞ்சம் முறைத்தாலும் இதைக் கழற்றி விட்டுவிடுங்கள். எங்கே போட்டீர்கள் என்று கேட்க மாட்டேன். ஒன்று போனால் இன்னொன்று தைக்கிறேன், ஆயுசு முழுக்கத் தைக்கிறேன். நான் தைத்தது எதுவும் உங்கள் உடம்பில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மேலே வாருங்கள்.

போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்,
உங்கள் பாக்யா.