முடியை வெட்டாத ரசிகருக்கு

இன்று காலை கிள்ளானில் ரயில் ஏறியபோது பக்கத்து இருக்கையில் ஒரு பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். குழந்தையை அப்போதுதான் குளிப்பாட்டியிருக்க வேண்டும். ஷா ஆலாம் தாண்டியதும் அது தூங்கிப்போய் என் தோளில் தலையைச் சாய்த்தது. மஞ்சள் ஷாம்பு வாசம். கண் எரியாது என்று பாட்டிலில் எழுதியிருக்குமே, அது. மற்றவர்களுக்கு அது குழந்தை வாசம். எனக்கு அது உங்கள் வாசம், அப்பா.

ஐம்பது வயது லோரி ஓட்டுநர் ஒருவர் குழந்தை ஷாம்பு போட்டுத் தலைக்குக் குளித்து, இடுப்பைத் தொடும் முடியை வாசலில் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்று உதறிக் காயவைப்பதை எங்கள் தாமான் குடியிருப்பில் பார்க்காதவர்கள் கிடையாது. எதிர்வீட்டு அங்கிள் ஒவ்வொரு முறையும் கேட்பார்: “என்ன மச்சான், முழுகியாச்சா?” நீங்களும் சளைக்காமல், பூ வாங்கிட்டு வாங்க மாமா, வச்சுக்கிறேன் என்பீர்கள். நான் சன்னலுக்குப் பின்னால் நின்று சிரிப்பேன். வெளியே வந்து சிரிக்க வெட்கம்.

உங்களுக்கு மலாய் ரோக் பாட்டுத்தான் உயிர். ரோக் காப்பாக் என்பார்கள், கோடாலி ரோக். பாடகர்களை நீங்கள் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. கட்டைக் குரல், மூக்கன், ஜோகூர்க்காரன். அதிலும் ஜோகூர்க்காரன் என்று சொல்லும்போது சொந்தத் தம்பியைச் சொல்வது போலிருக்கும். நம்ம பாட்டெல்லாம் பாட்டாகத் தெரியலையா என்று சொந்தக்காரர்கள் குத்திக் காட்டினால், நம்ம பாட்டுக்கு அழுவேன், இந்தப் பாட்டுக்குத் தலையை ஆட்டுவேன், ரெண்டும் வேணும்லா என்று முடித்துவிடுவீர்கள்.

சனிக்கிழமைகளில் உங்கள் கூட்டாளிகள் மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், கூடுவார்கள். மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாரும் கலந்த கூட்டம். வயிறு தள்ளியும் கறுப்புச் சட்டையை விடாதவர்கள். வாரம் ஒரு கேள்வி. சிறந்த கித்தார்க்காரர் யார், மறக்க முடியாத மேடை எது. நேரில் பார்த்ததை மட்டுமே சொல்ல வேண்டும், போனில் பார்த்தது செல்லாது. உங்கள் கதை எப்போதும் ஒன்றுதான். துறைமுகத்துப் பக்கம் ஒரு திடலில் மழை பிடித்துக்கொண்டு மின்சாரம் போய்விட, ஜோகூர்க்காரர் மைக்கைக் கீழே வைத்துவிட்டு மேடை விளிம்பில் உட்கார்ந்து வெறும் தொண்டையால் பாடிய கதை. நனைந்த முடி அவர் முகத்தை மூடியிருந்தது, அவர் ஒதுக்கவே இல்லை என்று சொல்லும்போது உங்கள் கை உங்கள் முடியைத் தொட்டுவிட்டு வரும். எல்லாருக்கும் அது மனப்பாடம். ஆனாலும் ஒருவரும் குறுக்கே பேசமாட்டார்கள்.

பிறகு, நீண்ட முடி வைத்த பாடகர்களை டிவியில் காட்டமாட்டார்கள் என்று ஆன காலம் வந்தது. பலர் வெட்டிக்கொண்டார்கள். ஜோகூர்க்காரரும் வெட்டிக்கொண்டார். காப்பிக் கடை டிவியில் அவரைக் குட்டை முடியோடு பார்த்ததும், வாயில் வைத்த தே தாரேக் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்ததாகச் சொல்வீர்கள். “அவன்மேல கோவம் இல்லம்மா. அவனுக்கு வயிறு இருக்கு. ஆனா ஒருத்தனாச்சும் வச்சிருக்கணும்ல?” அப்போது உங்களுக்கு இருபது வயது. அன்று தொட்டு நீங்கள் வெட்டவில்லை.

எங்களுக்கும் வயிறு இருந்தது, அப்பா. இதைச் சொல்லாமல் இந்த மடலை எழுத முடியாது. நான் ஆரம்பப் பள்ளியில் படித்தபோது நீங்கள் பள்ளி வேன் ஓட்டினீர்கள். காலையில் போய் மதியம் வந்துவிடும் வேலை. நிரந்தரச் சம்பளம். ஒரு பிள்ளையின் தாய், ஓட்டுநரைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்று புகார் சொன்னார். முதலாளி உங்களைக் கூப்பிட்டு, முடியை வெட்டு, இல்லாவிட்டால் சாவியைக் கொடு என்றார். நீங்கள் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வந்தீர்கள். அதை மாமாக் கடையில் வெற்றிக் கதையாகச் சொன்னீர்கள். அதன் பிறகு கிடைத்தபோது லோரி, கிடைக்காதபோது வீடு. அம்மா கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்தார். விரல் இடுக்கெல்லாம் வெந்து தோல் உரியும். “உங்க தலைக்கு என் கை தேயுது” என்று ஒரே ஒருமுறை சொன்னார். மறுநாளும் ஷாம்பு போட்டீர்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. செத்துப்போனவர் என்பதற்காக அதை அழகாக்கி எழுதவும் எனக்கு வரவில்லை.

ஆனால் என்னை முதன்முதலாகக் கச்சேரிக்குக் கூட்டிப்போனவரும் நீங்கள்தான். எனக்குப் பத்து வயதிருக்கும். வகுப்பில் ஆசிரியர் வருகை எடுக்கும்போது என் “உள்ளேன்” அவருக்குக் கேட்காது. வந்த நாளிலேயே வராதவளாகப் பதிவாகியிருக்கிறேன். திடலுக்குள் நுழைந்ததும் கூட்டத்தைப் பார்த்து உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் குனிந்து காதருகே சொன்னீர்கள்: “இங்க யாரும் உன்னைப் பார்க்கமாட்டாங்க. எல்லாரும் மேடையைத்தான் பார்ப்பாங்க. தைரியமா கத்து.” கித்தார் எழுந்தபோது கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் போட்ட சத்தம் எனக்கே கேட்கவில்லை. அவ்வளவு சுகமாக அதற்குப் பிறகு நான் எங்கும் இருந்ததில்லை. பல்கலைக்கழகத்திலும் இல்லை, இப்போது வேலை செய்யும் பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்திலும் இல்லை.

நெஞ்சு வலி என்று மருத்துவமனைக்குப் போனவர் மறுநாள் மதியம் வெள்ளைத் துணியில் திரும்பி வந்தீர்கள். கூடத்தில் கிடத்தினார்கள். சுங்கை பூலோவிலிருந்து பெரியப்பா வந்திருந்தார். கோவில் கமிட்டிக்காரர், எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும் அவருக்கு. அடுத்த நாள் காலையில் எண்ணெய் சீயக்காய் வைக்கும் சடங்கு. உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து உங்கள் தலையைத் தொட வேண்டும். பெரியப்பா உங்கள் தலைமாட்டில் நின்று தரையில் கிடந்த முடியைப் பார்த்தார். ரயில் நிலையத்துப் பக்கமிருந்த கடையிலிருந்து முடிதிருத்துபவரை வரவழைத்தார்.

“பெரியவங்கல்லாம் வந்து தொடப்போற தலை. கடைசியாவாச்சும் மனுசனா போகட்டும்.”

நான் எழுந்து போய், “பெரியப்பா, வேணாம்” என்றேன்.

சொன்னேன், அப்பா. என்னால் முடிந்த அளவு சத்தமாகச் சொன்னேன். மின்விசிறிச் சத்தத்தில் அது எங்கே போனதோ. பெரியப்பா என் முகத்தைக்கூடப் பார்க்காமல், நீ படிச்ச புள்ள, உனக்கு இதெல்லாம் தெரியாது, போயி அம்மாகிட்ட உட்காரு என்றார். அதே நாக்கு, என் பட்டமளிப்பு அன்று, இனி இந்தக் குடும்பத்தில் இவள் சொல்வதுதான் என்று எல்லாரிடமும் சொன்ன நாக்கு. அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை வருடம் அந்த முடியோடு சண்டை போட்டவர் அன்றைக்கு அதற்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கு எதிராகவும் பேசவில்லை.

முடிதிருத்துபவர் தமிழ்நாட்டுக்காரர், பெர்மிட்டில் வந்து வேலை செய்பவர். என்னையும் பெரியப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். கூப்பிட்டவர் பெரியப்பாதான். கத்தரியை எடுத்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வேன் சாவி போனது அந்த முடிக்கு. அம்மாவின் விரல்கள் போனது அந்த முடிக்கு. அவ்வளவு விலை கொடுத்து வைத்திருந்ததை, எதுவும் கொடுக்காதவர் ஒருவர் நின்று வெட்டச் சொன்னார். மீசையையும் ஒட்ட நறுக்கினார்கள். நெற்றி நிறைய விபூதி பூசினார்கள்.

போகும்போது முடிதிருத்துபவர் சமையலறை வாசலுக்கு வந்து செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை என்னிடம் நீட்டினார். கூட்டித் தள்ள மனசு வரலம்மா, வச்சுக்கங்க என்றார். நீங்கள் கட்டியிருந்த கறுப்பு ரப்பருக்கு மேலே வெட்டியிருந்தார். அதனால் அவிழாமல், சிதறாமல், முழுசாக இருந்தது.

மாலையில் உங்கள் கூட்டாளிகள் வந்தார்கள். உங்கள் போனிலிருந்து கூட்டாளிகள் குழுவில் இறப்புச் செய்தியும் முகவரியும் போட்டிருந்தது நான்தான். அந்தக் கூட்டத்தில் மூத்த மலாய்க்காரரான பாங் லோங் முன்னால் வந்தார். என்னைப் பத்து வயதில் பார்த்தவர், அடையாளம் தெரியவில்லை. வாசல் பலகையில் எழுதியிருந்த உங்கள் அடையாள அட்டைப் பெயரும் அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. அவர்களுக்கு நீங்கள் ரம்புட். மலாயில் முடி. அவ்வளவுதான் உங்கள் பெயர். பாங் லோங் சவப்பெட்டிக்கருகே போய்க் குனிந்து உங்கள் முகத்தைப் பார்த்தார். குட்டை முடி, விபூதி, பட்டுத் துண்டு. நிமிர்ந்து என்னைப் பார்த்து, கையை நெஞ்சில் வைத்துத் தணிந்த குரலில், “மாஃப், அடேக். சாலா ரூமா” என்றார். மன்னிக்க வேண்டும், வீடு மாறி வந்துவிட்டோம்.

எல்லாரும் வெளியே போய்விட்டார்கள். நான் வாசல்வரை போனேன், கூப்பிட வாய் வரவில்லை. சாலை ஓரத்தில் மோட்டார்களுக்குப் பக்கத்தில் நின்று பாங் லோங் யாருக்கோ போன் செய்தார். என் கையில் இருந்த உங்கள் போன் அடித்தது.

சரியான வீட்டுக்கு வழி கேட்க உங்களையே கூப்பிட்டிருக்கிறார், அப்பா.

எடுத்தேன். அவரை நேராகப் பார்த்துக்கொண்டே மலாயில் சொன்னேன்: “வீடு இதுதான், பாங் லோங். உள்ளே இருக்கிறது அப்பாதான்.”

அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே திரும்பி வந்தார். யார் வெட்டியது என்று கேட்டார். நான் கூடத்தின் பக்கம் பார்த்தேன். அவர் தொப்பியைக் கழற்றி, பின்னால் முடிந்திருந்த நரைமுடியை அவிழ்த்துவிட்டார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும். அப்படியே வாசலில் போட்டிருந்த கூடாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். யாரு இந்த ரவுடிங்க என்று பெரியப்பா கேட்டது கூடம் முழுக்கக் கேட்டது. அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார். “அவரு கூட்டாளிங்க. காப்பி போட்டுக் குடு” என்றார் என்னிடம்.

பதினாறாம் நாளுக்குப் பெரியப்பா படம் போட்டுக்கொண்டு வந்தார். கடைக்காரர் கணினியில் உங்கள் தோளுக்குப் பின்னால் இருந்த முடியை அழித்து, போட்டதே இல்லாத ஒரு கோட்டை மாட்டிவிட்டிருக்கிறார். வங்கி அதிகாரி மாதிரி ஒருவர் எங்கள் கூடத்துச் சுவரில் மாலையோடு இருக்கிறார். பார்க்க வருகிறவர்கள் நல்ல களையான முகம் என்கிறார்கள். அம்மா தினமும் விளக்கேற்றுவது அந்த மனிதருக்கு. நான் எழுதுவது உங்களுக்கு.

போன மாதம் கோலாலம்பூரில் ஜோகூர்க்காரரின் கச்சேரி. நீங்கள் இருந்தபோதே குழுவில் பேசி வைத்தது. உங்கள் இடத்துக்கு என்னை வரச் சொன்னார் பாங் லோங். போனேன். கைப்பையில் அந்தப் பொட்டலம் இருந்தது. மேடையில் அவர் வந்தார். ஒட்ட வெட்டிய நரைமுடி, கண்ணாடி, கோட்டு. நம் வீட்டுச் சுவரில் இருப்பவரின் அண்ணன்போல் இருந்தார். குரல் மட்டும் நீங்கள் சொன்ன குரல். இரண்டு பாட்டுக்கு நடுவே அவர் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டி, ஒரு காலத்தில் இதுவரைக்கும் இருந்தது, வெட்டச் சொன்னவர்களுக்கு நன்றி, இல்லாவிட்டால் தானாகவே கொட்டியிருக்கும் என்றார். அரங்கமே சிரித்தது. பாங் லோங்கும் சிரித்தார்.

ஒருத்தனாச்சும் வச்சிருக்கணும் என்று நீங்கள் யாருக்காக வைத்திருந்தீர்களோ, அவருக்கு அது இப்போது மேடையில் சொல்லும் ஒரு வேடிக்கை. உங்களை மாதிரி ஒருவர் இருந்தது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் நல்ல கதையாகத்தான் இருந்திருக்கும் அவருக்கு.

அடுத்த பாட்டுக்குக் கித்தார் எழுந்தது. சுற்றிலும் எல்லாரும் மேடையைப் பார்த்தார்கள். நான் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, “வேணாம்” என்று கத்தினேன். நம் கூடத்தில் கேட்காமல் போன அதே வார்த்தை. மறுபடியும் மறுபடியும், பாட்டு முடியும்வரை. நீங்கள் சொன்னது சரிதான். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்று வேலை முடிந்து வரும்போது பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் மஞ்சள் ஷாம்பு வாங்கினேன். கடைக்கார அக்கா சிரித்துக்கொண்டே என்ன குழந்தை என்று கேட்டார். சும்மா தலையாட்டினேன். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ரப்பரை அவிழ்க்காமல் உங்கள் முடியை அலசினேன். தண்ணீரில் இன்னும் கொஞ்சம் டீசல் வாசம் வந்தது. இப்போது என் அறைச் சன்னல் கம்பியில் உள்பக்கமாகத் தொங்கவிட்டிருக்கிறேன். கதவு பூட்டியிருக்கிறது. காய்ந்ததும் பைக்குள் வைத்துக்கொள்வேன்.