கதவைத் திறக்கச் சொன்ன அண்ணனுக்கு

என் பாசமுள்ள செபஸ்தி அண்ணே,

தீராத நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் நர்சம்மாவோடு, பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நானும் துணைக்குப் போகிறேன். நேற்று திருவொற்றியூரில் ஒரு மகன் வாசலிலேயே என்னை மறித்தான். "டீச்சர், நைனாவுக்குப் புற்றுன்னு தெரியாது. வாய் தவறிக்கூட சொல்லிடாதீங்க." அப்போதிருந்து உன் நினைவுதான்.

எழுபதுகளில் நம் ராயபுரம் வீடும் அப்படித்தானே இருந்தது? புற்று முற்றிவிட்டதென்று ஆஸ்பத்திரியில் கைவிரித்து அனுப்பிவிட்டார்கள். உன்னிடம் வயிற்றுப்புண் என்றோம். ஹார்பரில் மூட்டை தூக்கிய உடம்பு போர்வைக்குள் தேடும்படி ஆகிவிட்டது. சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் அவஸ்தை எண்ணெய்க்குச் சர்ச் சாமியாரைக் கூப்பிட அண்ணி விடவில்லை. எண்ணெயைப் பார்த்தால் உனக்குத் தெரிந்துவிடுமாம்.

வகுப்பில் பாடம் புரியாத பிள்ளை தலையாட்டும். அதை நம்பி நாமும் அடுத்த பக்கம் போய்விடுவோம். "வலிக்குதா?" என்று கேட்டால் நீயும் அப்படித்தான், துண்டைக் கடித்துக்கொண்டு இல்லையென்று தலையாட்டுவாய்.

ஒரு மாலை, எதிர்வீட்டு நோயாளிக்கு நன்மை என்கிற நற்கருணை அப்பம் கொடுக்கச் சாமியார் வந்தார். சர்ச்சில் அவருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் முன்னால் மணி ஆட்டிவந்தார். சத்தம் கேட்டதும் அண்ணி ஓடிக் கதவைச் சாத்தினாள்.

"இன்னாத்துக்கு மூட்றே? தொற."

"காத்து அடிக்குதுய்யா."

"அடியே பிலோமி, உனுக்கு டிராமா வர்ல. எனுக்கு எல்லாம் தெரியும். சாமியார இட்டுனு வா."

அண்ணி தாழ்ப்பாளைப் பிடித்தபடி நின்றாள். "அவரு வந்தா நீ பூடுவே."

"வராட்டியும் போவேன். உன்கிட்ட ஒண்ணும் பேசாம போறதுதான் பேஜாரா கீது."

மணிச்சத்தம் தெருமுனைக்கு நகர்ந்துகொண்டிருந்தது. அண்ணியே கதவைத் திறந்து, "சாமி!" என்று கத்திக்கொண்டு ஓடினாள்.

எண்ணெய் பூசி முடிந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப வலிக்குது பிலோமி" என்றாய். முதல் தடவையாக. அதற்குப் பிறகுதானே டாக்டரைக் கூட்டிவந்து வலிக்கு ஊசி போட்டோம்? அதுவரை அத்தனை வலியையும் எங்களுக்காகவா தனியே விழுங்கினாய்?

நாளை மறுபடியும் அந்த வீட்டுக்குப் போகிறேன். முதலில் மகனை உட்காரவைத்து உன்னைப் பற்றிச் சொல்வேன். நானாக அவன் நைனாவிடம் எதையும் போட்டு உடைக்க மாட்டேன். ஆனால் அவரே கேட்டுவிட்டால், மகன் பின்னால் நின்று எவ்வளவு கண்ணைக் காட்டினாலும், பொய் சொல்ல மாட்டேன் அண்ணே. "உங்களுக்கு என்ன தோணுது நைனா?" என்று கேட்டு, அவர் பேசி முடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டேன்.

உன் கூடப்பிறந்த ஒரே தங்கச்சி,
ரெஜினா