அந்தமானுக்கு அம்மாவின் டிக்கெட்

வியாழன், இரவு.

அந்தமானில் இருக்கும் தங்கை செல்விக்கு அடுத்த வாரம் பிரசவம். அம்மா நாளை போகவேண்டிய விமானத்தின் கம்பெனி திவாலாகிவிட்டது.

கும்மிடிப்பூண்டி டிக்கெட் ஏஜென்ட், "பணம் திரும்பி வரணும்னா நீங்களா கேன்சல் பண்ணாதீங்க. கார்டு குடுத்த பேங்க்ல எழுதிக் குடுங்க" என்றார். பேங்கிலோ, முதலில் கேன்சல் செய்துவிட்டு வரச் சொன்னார்கள். யார் சொல்வது சரியென்று இன்னும் புரியவில்லை.

வேறு விமானத்தில் பத்து நாளைக்கு இடமில்லை. நாளை கிளம்பும் கப்பலில்தான் கிடைத்தது. மூன்று நாள் ஆகும். பழவேற்காட்டிலிருந்து வந்திருக்கும் அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"தண்ணின்னா எனக்கு இன்னாடி பயம்? பிளேன்ல போணுமேன்னுதான் ரெண்டு நாளா சோறு எறங்கல" என்றாள்.

இப்போது நிம்மதியாகத் தூங்குகிறாள். கப்பல் போய்ச் சேர்வதற்குள் செல்விக்கு வலி வந்துவிட்டால் என்ன செய்வதென்று நான் கேட்கவில்லை.