ஒன்றரை அடி

மார்ச் 3

அன்புள்ள மாஸ்டர் அண்ணாவுக்கு,

நலம்தானே? ஸ்டண்ட் மாஸ்டராக வெடிக் காட்சிகள் எடுத்து எடுத்து உங்கள் காது போய்விட்டது. போனில் பேசினால் நான் கத்தவேண்டும். கத்தினால் அடுத்த அறையில் இருக்கும் இவருக்குத்தான் முதலில் கேட்கும். அதனால்தான் இந்தக் கடிதம். மகள் குட்டி இப்போதுதான் தூங்கினாள்.

இவருக்கு முட்டி இரண்டும் வீங்கியிருக்கிறது. நேற்று அவளை முதுகில் ஏற்றி யானை விளையாடினார். அப்புறம் எழுந்திருக்க முடியவில்லை. "யானைக்குத் தூக்கம் வருது" என்று தரையிலேயே படுத்துவிட்டார். அவள் கைதட்டிச் சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். "இனிமே குதிச்சா நடக்கிறதே சிரமம்" என்றார். வெளியே வந்ததும் இவர் சொல்கிறார்: "அந்த ஆள் என் படம் ஒண்ணுகூடப் பார்த்ததில்லை போல."

மைதானத்தில் நீளம் தாண்டிக்கொண்டிருந்தவரைக் கூட்டிப்போய், ஹீரோக்களுக்குப் பதிலாகக் குதிக்க வைத்தவர் நீங்கள். பிறகு அவரையே ஹீரோ ஆக்கியதும் நீங்கள்தான். போஸ்டரில் 'டூப் போடாத நாயகன்' என்று அச்சடித்தார்கள். அன்றிலிருந்து டூப் வேண்டும் என்று கேட்க அவருக்கு வாயே இல்லை. இந்த மாதம் இரண்டு மொட்டை மாடிகளுக்கு நடுவே தாவப்போகிறாராம். நான் தடுத்தால் "பயந்தாங்கொள்ளி" என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போகிறார். நீங்கள் சொன்னால் கேட்பார். ஏதாவது செய்யுங்கள் அண்ணா.

பதிலை என் பெயருக்கே போடுங்கள். தபால் பெட்டிச் சாவி என்னிடம்தான்.

உங்கள் தங்கை

*

மார்ச் 8

தங்கச்சிக்கு அண்ணன் எழுதுவது.

நான் கடுதாசி எழுதுறேன்னு யூனிட்ல தெரிஞ்சா கவிஞர்னு பேர் வெச்சிருவானுங்க. அதனால நீயும் மூச்சு விடாதே.

டூப் பேச்சை எடுத்தேன். "மாஸ்டர், வயசானது உங்களுக்கா எனக்கா?"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டான். தயாரிப்பாளரும் அவன் பக்கம்தான். அந்தத் தாவலைக் காட்டித்தான் படத்தையே வித்திருக்காங்க. என் பேச்சு எடுபடலம்மா.

ஆனா ஒரு வழி இருக்கு. எதிர் மாடி நிஜம் இல்லை. சக்கரம் வெச்ச மேடை மேல நம்ம ஆளுங்க கட்டின செட்டு. ஷூட்டிங் அன்னிக்குக் காலையில அதை ஒன்றரை அடி அவன் பக்கமா தள்ளிடுறேன். கேமராவுக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது, அவன்தான் எதிர்ப்பக்கமே பார்க்கமாட்டானே. பார்த்தா கால் குழம்பும்னு சாக்பீஸ் கோட்டை மட்டும் பார்த்து ஓடி வருவான். ஒன்றரை அடி குறைஞ்சா முட்டிக்கும் அவ்வளவு பாரம் குறையும்.

அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதே. சண்டை போட்டுப் பழைய இடத்துக்கே தள்ளிடுவான்.

அண்ணன்

*

மார்ச் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு சமையலறையில் நின்று அழுதேன். இவர் கேட்டதற்கு வெங்காயம் என்றேன். வெங்காயமே நறுக்கவில்லை. அவருக்கு அதெல்லாம் கண்ணில் படாது.

ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். குட்டியும் நானும் உங்களுக்குக் கடமைப்பட்டவர்கள்.

உங்கள் தங்கை

*

மார்ச் 29

தங்கச்சிக்கு,

ஆஸ்பத்திரியில உன் முகத்தைப் பார்த்துப் பேச முடியல. நீ எதுவும் கேட்கல. கேட்டிருந்தா தேவலை.

இடைவெளி குறைஞ்சா அவனும் குறைச்சுத் தாவுவான்னு நினைச்சேன் பாரு, நான் ஒரு முட்டாள். பத்து நாளா பழைய அளவுக்கே ஒத்திகை பார்த்தவன். பழைய அளவுக்கே தாவினான். மேடையோட சேர்ந்து, கேமராவுக்குத் தெரியாம இருக்கணும்னு போட்ட ரெண்டரை அடி மெத்தையும் நகர்ந்து போச்சு. அவன் மெத்தையைத் தாண்டி இரும்புக் குழாய் மேல போய் விழுந்தான். குதிகால் நொறுங்குற சத்தம் இந்தச் செவிட்டுக் காதுக்கே கேட்டுச்சு.

நல்லதுன்னு நினைச்சுத்தானே செஞ்சோம்.

அண்ணன்

*

மே 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

இவரை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். கட்டுப் போட்ட காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தயாரிப்பாளரிடம் போனில், "என் கால் ஏமாத்திடுச்சு சார். அளவு தப்பிடுச்சு. இனிமே வேற ஆளைப் பாருங்க" என்றார். எந்த வார்த்தைக்காக நான் தவம் கிடந்தேனோ, அதே வார்த்தை. என் காதால் கேட்டும் சந்தோஷம் வரவில்லை.

அந்தத் தாவலின் வீடியோவையே போட்டுப் போட்டுப் பார்க்கிறார். எந்த அடியில் பிசகியது என்று தேடுகிறார். பிசகவே இல்லையே அண்ணா! கல்லூரியில் இவர் தாண்டுவதை அளக்க, நாடாவின் ஒரு முனையைப் பிடித்து நின்றவள் நான். மணலில் தடம் விழுந்த இடத்திலேயே மறுபடியும் விழும். சிரித்துக்கொண்டே "உங்களுக்கு வேற இடம் கிடைக்கலையா?" என்று கேட்பேன். இதெல்லாம் தெரிந்தவள்தானே உங்களுக்கு நன்றிக் கடிதம் எழுதினேன்?

குட்டி தூக்கச் சொல்லிக் கையை நீட்டினால் மாட்டேன் என்கிறார். "அப்பாவுக்கு அளவு தெரியலடா, கீழே போட்டுடுவேன்." தண்ணீர் டம்ளரைக்கூடத் தடவித் தடவித்தான் எடுக்கிறார்.

சொல்லிவிடட்டுமா?

உங்கள் தங்கை

*

மே 12

தங்கச்சிக்கு,

சொல்லாதே. என் பிழைப்பும் இதுல இருக்கு, இல்லைன்னு பொய் சொல்லமாட்டேன். ஆனா அதுக்காக மட்டும் சொல்லல. சொன்னா, கட்டுப் பிரிச்ச மறுநாளே குதிக்க வந்துடுவான். சொல்லாட்டி வீட்டோட இருப்பான். கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வெச்சுப்பான், அப்புறம் சரியாயிடும். முகம் வாடின புருஷனோட குடும்பம் நடத்திடலாம்மா.

அண்ணன்

*

ஜூலை 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

சொல்லிவிட்டேன். மூன்று வாரம் ஆகிறது. மன்னியுங்கள் என்று கேட்க எனக்கு முகம் இல்லை.

குட்டி சோபாக் கைப்பிடி மேல் ஏறி, "அப்பா, பிடி!" என்று குதித்தாள். எப்போதும் குதிப்பவள்தான். இவர் கையை நீட்டவில்லை. நீட்டப் பயந்து பின்னால் இழுத்துக்கொண்டார். நான் பாய்ந்து பிடித்தேன். அவளுக்கு ஒன்றுமில்லை, விளையாட்டு என்று நினைத்தாள். இவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

முழுவதும் கேட்டுவிட்டு, "எவ்வளவு?" என்று மட்டும் கேட்டார்.

"ஒன்றரை அடி."

வீடியோவைப் போட்டார். விழுந்த இடத்தில் நிறுத்தி, திரையில் மெத்தைமேல் விரலை வைத்து, அது முன்பு இருந்த இடத்துக்கு நகர்த்திக் காட்டினார். "பாரு, மெத்தைக்கு நட்ட நடுவுல. பார்த்தியா?" அப்புறம் சிரித்தார் பாருங்கள்! குட்டியைத் தூக்கிக் கூரை முட்டப் போட்டுப் பிடித்தார். கட்டுப் போட்ட காலோடு.

என்மேல் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். உங்களைப் பற்றித்தான், குரலை உயர்த்தாமல், "மாஸ்டரோட இனிமே வேலை இல்லை" என்றார். போனிலும் சொல்லிவிட்டாராம். நீங்கள் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டீர்களாம். காதில் விழுந்ததா, விழவில்லையா என்று அவருக்குச் சந்தேகம். எனக்குச் சந்தேகமில்லை.

இப்போது கட்டுப் பிரித்தாயிற்று. டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். புதிதாக ஒரு மாஸ்டர் வந்திருக்கிறார், சின்ன வயது. இவர் என்ன சொன்னாலும் "செஞ்சிடலாம் சார்" என்கிறார். அடுத்த மாதம் ஒரு பாலத்திலிருந்து இன்னொரு பாலத்துக்குத் தாவப்போகிறார்கள். இவர் குளியலறையில் பாடுகிறார். வீடு பழையபடி ஆகிவிட்டது, முட்டியும் பழையபடி வீங்குகிறது.

நீங்கள் பதில் போடவேண்டாம். போடமாட்டீர்கள் என்றும் தெரியும்.

அந்தப் புது மாஸ்டரின் முகவரியை வாங்கி, அவருக்கும் ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். இவரைத் தடுத்துவிடுங்கள் என்றுதான் ஆரம்பித்தேன். கிழித்துப் போட்டேன். பிறகு இரண்டே வரி எழுதி ஒட்டிவிட்டேன்: 'ஒத்திகையில் இடைவெளி எவ்வளவோ, ஷூட்டிங்கிலும் அவ்வளவே இருக்கட்டும். தயவுசெய்து ஓர் அங்குலம்கூடக் குறைத்துவிடாதீர்கள்.'

உங்கள் தங்கை