வெள்ளை சிமெண்ட் குறி

ஜூலை 6

இன்றைக்கும் ஒரு டம்ளர் உடைந்தது. கை பட்டதுகூடத் தெரியவில்லை. நேற்று கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டேன், அதற்கு முந்தின நாள் கட்டில் காலில் சுண்டுவிரல். அம்மா என் பள்ளிப் பாவாடையின் மடிப்பைப் பிரித்து இறக்கிக்கொண்டே, "உடம்பு ஒரு பக்கம் போகுது, நீ ஒரு பக்கம் போற" என்றாள். தம்பிக்கு நான் ஒட்டகச்சிவிங்கி. கழுத்தைப் பிடித்து அமுக்கினேன், அவன் கழுத்தைத்தான்.

எது போனாலும் போகட்டும். நீளம் தாண்டுதல் போகக் கூடாது.

ஜூலை 9

தாண்டியதெல்லாம் ஃபவுல். ஓடி வந்து பலகையை மிதித்து எழும்ப வேண்டும். என் கால் பலகையைத் தாண்டிப் போய் விழுகிறது. விளையாட்டு மிஸ் பிரசவத்துக்கு லீவில் இருப்பதால் கணக்கு சார்தான் கொடி பிடிக்கிறார். சிவப்புக் கொடியைத் தூக்கித் தூக்கி அவருக்கே கை வலித்திருக்கும். "கவனம் இல்ல. வேற என்ன?" என்றார்.

24ஆம் தேதி தேர்வு. பள்ளிகளுக்கு இடையிலான போட்டிக்கு எங்கள் பள்ளியிலிருந்து ஒருத்திதான் போக முடியும். போன வருஷம் நான் போனேன். இந்த வருஷமும் நான்தான்.

ஜூலை 10

கவனம் இல்லையாம்! கனவுல கூட ஓடிக்கிட்டுத்தான் இருக்கேன். அவருக்கு என்ன தெரியும்?

ஜூலை 12

அப்பாவிடம் சொன்னேன். அப்பா டைல்ஸ் போடுகிறவர். எங்கே நின்று ஓட்டத்தைத் தொடங்க வேண்டும் என்று போன வருஷம் டேப் வைத்து அளந்து தந்ததே அவர்தான். மற்றவர்கள் சாக்பீஸில் கோடு போடுவார்கள், மழையில் அழிந்துவிடும். அப்பா ஓடுபாதையின் ஓரச் செங்கல்லில் வெள்ளை சிமெண்ட் பூசிவிட்டார். "இனி ஜென்மத்துக்கும் போகாது." எல்லாரும் பொறாமைப்பட்டார்கள். எனக்கு ஒரே பெருமை.

இன்று டேப்போடு வந்து மறுபடி அளந்தார். "இம்மி பிசகல. குறி சரியா இருக்கு. நீதான் ஒழுங்கா ஓடணும்."

ஜூலை 13

ஒழுங்காக ஓடினேன். ஃபவுல்.

ஜூலை 16

கண்டுபிடித்துவிட்டேன்!

எங்கள் நடைவழியில் அப்பா போட்ட டைல்ஸ். சின்ன வயதிலிருந்தே ஒரு கட்டத்துக்கு ஓர் அடி வைத்துத்தான் நடப்பேன், கோட்டை மிதித்தால் அவுட். இன்று யோசனையே இல்லாமல் நடந்தேன். ஒவ்வொரு அடியும் கோட்டைத் தாண்டிப் போய் விழுந்தது. திரும்பி வந்து நடந்தாலும் அதேதான். டைல்ஸ் அப்படியே இருக்கிறது. என் கால் நீண்டிருக்கிறது. அப்படியென்றால் பழைய குறியிலிருந்து ஓடினால் பலகையைத் தாண்டாமல் என்ன செய்யும்?

மூளைக்கு இன்னும் பழைய கைகால் கணக்குதான் போல. டம்ளருக்கும் அதுதான் காரணம். அம்மா நம்பவில்லை.

ஜூலை 17

என் வகுப்புத் தோழி சோடாபுட்டியைக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். கண்ணாடி போட்டவள், பார்வை தப்பாது. பலகையிலிருந்து எதிர்ப்பக்கம் வழக்கமான அடிக்கணக்கில் ஓடினேன், கடைசி அடி எங்கே விழுகிறது என்று அவள் பார்த்தாள். திரும்பத் திரும்ப ஓடினேன். ஏறக்குறைய ஒரே இடம். சிமெண்ட் குறிக்கு நல்ல தூரம் பின்னால்.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

ஜூலை 20

சொல்லிவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"அப்ப நான் அளந்தது தப்பா?"

"இல்லப்பா. நீங்க அளந்தது சரி. ஆனா அது போன வருஷத்துக் காலுக்கு."

"என் அளவுல இதுவரைக்கும் ஒருத்தரும் குத்தம் சொன்னதில்ல" என்று எழுந்து போய்விட்டார்.

குளியலறையில் போய் அழுதேன். நான் குத்தமா சொன்னேன்? வளர்ந்தது என் தப்பா? பேசலைன்னா பேசாம இருக்கட்டும் — நான் என் இடத்துலேர்ந்துதான் ஓடுவேன்.

ஜூலை 24

அப்பா வந்திருந்தார். நேராகப் போய்த் தன் செங்கல் பக்கத்தில் கை கட்டி நின்றார். அவரைத் தாண்டித்தான் பின்னால் போக வேண்டியிருந்தது. முகத்தைப் பார்க்காமல் போனேன்.

முதல் தாண்டல், வெள்ளைக் கொடி! ஆனால் இறங்கும்போது கால் மடங்கிப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன், தூரம் போச்சு. இரண்டாவதும் அப்படித்தான். பத்தாம் வகுப்பு அக்கா ஒருத்தி முன்னால் இருந்தாள். கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன். பலகை சரியாகக் காலுக்கு அடியில் வந்தது. மணலில் முன்பக்கமாக விழுந்தேன், வாயெல்லாம் மணல்.

கணக்கு சார் அளந்துவிட்டு, "போறது நீதான்" என்றார். திரும்பிப் பார்த்தேன். அப்பா அங்கே இல்லை.

ஜூலை 25

காலையில் பயிற்சிக்குப் போனால் மைதானத்தில் டக் டக்கென்று சத்தம். அப்பா குந்தி உட்கார்ந்து உளியால் வெள்ளை சிமெண்டைக் கொத்திக்கொண்டிருந்தார். நன்றாகத்தான் பூசியிருக்கிறார், லேசில் வரவில்லை. எல்லாம் வந்த பிறகு துடைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்து நீட்டினார்.

"நீயே போடு."

ஆகஸ்ட் 19

இன்று கோட்டை இன்னும் ஒரு சாண் பின்னால் தள்ளினோம். பழைய கோட்டை அப்பாதான் காலால் அழித்தார்.