மலைக்கோட்டைச் சாமியின் பேர்

என்னங்க, அந்த நாற்றம் இன்னும் அப்படியே இருக்கிறது. ஈரக் கித்தானும் புகையும் பித்தளை பாலீஷும் கலந்த நாற்றம். நீங்கள் வேலை முடிந்து வாசற்படி ஏறும்போது, உங்களுக்கு முன்னால் அடுப்படிக்கு வந்து நிற்குமே, அதேதான். நேற்று பெரம்பலூர் தீயணைப்பு நிலையத்தின் பின்கொட்டகைக்குள் கால் வைத்ததும் அது முகத்தில் வந்து மோதியது. எங்கே மணி அடித்துவிடுமோ என்று காது தானாக நிமிர்ந்துகொண்டது.

புதிதாக வந்திருக்கும் நிலைய அதிகாரி நல்ல பிள்ளை. மூலையில் கிடந்த பழைய சாமான்களையெல்லாம் துடைத்து, அந்தக் கொட்டகையில் அடுக்கி, சின்னதாக ஒரு அருங்காட்சியகம் வைத்திருக்கிறார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்க்கிறார்கள். நம் செல்விதான் கேள்விப்பட்டு வந்து சொன்னாள். நான் வரவில்லை என்றேன். அவள் விடவில்லை. அரியலூரில் பஸ் ஏறியதிலிருந்து, ஸ்டவ்வை அணைத்தோமா அணைத்தோமா என்று அவளை நச்சரித்துக்கொண்டே வந்தேன். ஊரில் எத்தனையோ வீட்டுத் தீயை அணைத்தவர் வீடே எரிந்தது என்று நாளைக்கு நாலு பேர் சிரிக்கக் கூடாது பாருங்கள். செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நீங்களும் அப்படித்தான் திரும்பிக்கொள்வீர்கள்.

உள்ளே, இரண்டு பக்கமும் ஆள் நின்று அழுத்துகிற கைப்பம்பு இருந்தது. பழைய வண்டியில் தொங்கிய மணி இருந்தது. அதைத் தாண்டிச் செல்லும்போது, யாராவது பிள்ளை தொட்டு ஆட்டிவிடப் போகிறதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு போனேன். சிவப்பு வாளிகளும் இருந்தன. அடிப்பாகம் உருண்டையாக, தரையில் வைத்தால் நிற்காத வாளிகள். ஏன் இப்படிச் செய்திருக்கிறார்கள் என்று கல்யாணமான புதிதில் உங்களைக் கேட்டேன். "ஒன்ன மாதிரி ஆளுங்க தண்ணி தூக்க வூட்டுக்கு எடுத்துட்டுப் போயிடக் கூடாதுல்ல, அதுக்குத்தான்" என்றீர்கள். விளையாட்டு என்று நினைத்தேன். நேற்று அந்த அதிகாரியும் பிள்ளைகளிடம் அதையேதான் சொன்னார்.

அப்புறம்தான் அந்த ஹெல்மெட்டைப் பார்த்தேன்.

மேசைமேல் மல்லாத்தி வைத்திருந்தார்கள். உள்பட்டையில் ஒரு துண்டுத் துணி தைத்திருந்தது. மஞ்சளில் சிவப்புப் புள்ளி. நிறம் போய்க் கிடந்தாலும் என் சேலை எனக்குத் தெரியாதா? தையலும் என் தையல்தான், கோணல் மாணலாக.

அந்தச் சித்திரை மாதம் உங்களுக்கு மறந்திருக்காது. வேப்பந்தட்டைப் பக்கம் ஒரு கூரைவீட்டு வரிசை பற்றிக்கொண்டது. மலைப் பக்கத்துக் காற்று வேறு. நிலையத்துக்குப் பின்தெருவில்தானே நாம் குடியிருந்தோம். மணிச் சத்தம் கேட்டதும் நீங்கள் தட்டில் கையை உதறிவிட்டு ஓடினீர்கள். ஓடும்போது வழக்கம்போல, "தண்ணி இருக்குற பக்கம் நிக்கிறவன் நான், எனக்கென்ன பயம்?" என்றீர்கள். போயிட்டு வரேன் என்று ஒருநாளாவது சொல்லியிருக்கிறீர்களா? அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் பாதி உயிராய்க் கிடப்பேன்.

உச்சி வெயிலில் பக்கத்து வீட்டுக்காரி வந்து, சுவர் விழுந்து பயர்க்காரர் ஒருத்தருக்கு அடி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று சொன்னாள். எந்த ஆள் என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கு அதைக் கேட்கவும் தோன்றவில்லை. செல்வியை அவளிடம் விட்டுவிட்டு, செருப்பில்லாமல் ஓடினேன்.

ஆஸ்பத்திரி வாசலில் கம்பவுண்டர் பேர் கேட்டார். புருஷன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்திருந்தார்கள். மற்ற நாளிலேயே சொல்ல மாட்டேன். உயிர் ஊசலாடுகிற நேரத்திலா சொல்வேன்? திருச்சி மலைக்கோட்டைச் சாமி பேருங்க என்றேன். நான் நினைத்தது பாதி மலையில் கோயில் கொண்டிருக்கிற சிவனை. கம்பவுண்டர் நினைத்தது உச்சியில் இருக்கிற பிள்ளையாரை. "கணேசனா? உள்ள இருக்காரும்மா" என்றார். உள்ளே இருக்கிறார் என்பது மட்டும்தான் என் காதில் ஏறியது.

முகத்திலும் கையிலும் கட்டு. கட்டில்லாத இடத்தில் ஊதா மருந்து. தூங்குவதற்கு ஊசி போட்டிருந்ததால் பேச்சில்லை. காலைத்தான் பார்த்தேன். கரியாக இருந்தது. முந்தானையை நனைத்துத் துடைத்தேன். உங்கள் கால் மாதிரியே இருந்தது. பயத்துக்கு எல்லாக் காலும் ஒன்றுதான் போலிருக்கிறது. ஒரு அட்டையை எடுத்து விசிறிக்கொண்டே, தெரிந்த சாமிகளுக்கெல்லாம் வேண்டிக்கொண்டிருந்தேன்.

வெயில் தாழ, இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி ஓடி வந்தாள். பாடாலூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறாள். கட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நீங்க யாருங்க?"

"இவரு சம்சாரம்."

"அப்ப நான் யாரு?"

அவள் அழுகையினூடே கேட்டதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது தரை நழுவியது. அது துறையூரிலிருந்து மாற்றலாகி வந்திருந்த கணேசன். நான் அதுவரை பார்த்திராத மனுஷன். அவர் நீங்கள் இல்லை என்று தெரிந்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை அவள் பார்த்துவிடக் கூடாதே என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. அப்படியானால் நீங்கள் எங்கே? இன்னும் நெருப்புக்குள்ளா? விசிறியை அவளிடம் கொடுத்துவிட்டு மறுபடி ஓடினேன். ஆஸ்பத்திரி வாசலில் கரிக்கட்டையாக எதிரே வந்தீர்கள், வீட்டில் இல்லாத என்னைத் தேடிக்கொண்டு.

"எம்பேரச் சொல்ல மாட்ட, ஊரான் புருஷனுக்கு விசிறி மட்டும் வீசுவியா?" என்று எத்தனை வருஷம் கேலி செய்தீர்கள்! கணேசன் குணமாகி வேலைக்குத் திரும்பிய பிறகு, அவரையும் சேர்த்துக்கொண்டு சிரித்தீர்கள். ஆனால் அன்று ராத்திரி நீங்கள் சிரிக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தவர், சோற்றைத் தொடாமல் சொன்னீர்கள்.

"ஒரே ஒரு தரம் சொல்லிப் பாரு. வாய்க்கு வரட்டும். நாளைக்கு நெசமாவே எங்கயாச்சும் போய்ப் பேரச் சொல்லித் தேட வேண்டி வரும்."

நான் சொல்லவில்லை. என் மஞ்சள் சேலையில் ஒரு துண்டைக் கிழித்து உங்கள் ஹெல்மெட்டுக்குள் வைத்துத் தைத்தேன். பேர்தானே சொல்ல வராது, இந்தத் துணியைச் சொல்லிக் கேட்கிறேன் என்றேன். புது ஹெல்மெட் கொடுத்துப் பழையதைத் திருப்பி வாங்கிக்கொள்ளும் வரை அந்தத் துணியோடுதான் போனீர்கள்.

ஒவ்வொரு மணிக்கும் நான் செத்துச் செத்துப் பிழைத்தேன். நீங்களோ, மணியே அடிக்காத ஒரு மத்தியானம், மோர் சாதம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நெருப்புப் பக்கமே பார்த்துக் காத்திருந்தேன், வேறு பக்கமாக வந்து ஏமாற்றிவிட்டது. அந்தக் கோபம் இன்னும் எனக்குத் தீரவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

நேற்று நான் அந்தத் துணியைத் தொட்டதை அதிகாரி பார்த்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம். எல்லாச் சாமானுக்கும் பக்கத்தில் அட்டை வைத்து எழுதியிருக்கிறார், இந்த ஹெல்மெட் யாருடையது என்று மட்டும் தெரியவில்லையாம். பேனாவை எடுத்துக்கொண்டு, "சார் பேரு என்னங்கம்மா?" என்றார்.

செல்வியைப் பார்த்தேன். அப்பா பேரை அவள் தாராளமாகச் சொல்லலாம். அவள் கைப்பம்பை அன்றுதான் கண்டுபிடித்தவள் மாதிரி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்றைக்குமே உங்கள் கட்சி.

எனக்குள் பழைய பயம், கொஞ்சமும் குறையாமல். குறைய உங்களுக்கு இனி ஆயுசு ஏது என்று புத்தி சொல்கிறது. நெஞ்சு கேட்க வேண்டுமே. நான் பேர் சொல்லாமல் இருக்கும் வரை, காப்பாற்ற இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிற மாதிரி இருந்தது. சொல்லிவிட்டால் அதுவும் போய்விடும். கடைசியில் வாய் பழைய வழிக்கே போனது. மலைக்கோட்டைச் சாமி பேருங்க என்றேன்.

"உச்சிப் பிள்ளையாரா? அப்ப கணேசன்" என்று சொல்லிக்கொண்டே அவர் அட்டையில் 'க' போட்டுவிட்டார்.

என் சேலைத் துணிக்குப் பக்கத்தில் கணேசன் பேர். அந்தக் கட்டிலும் விசிறியும் மறுபடி கண்முன் வந்தன. விட்டால் அந்த அட்டை காலத்துக்கும் அங்கே இருக்கும். கணேசன் இல்லைங்க என்று அவர் கையைப் பிடித்தேன். பிறகு உங்கள் பேரைச் சொன்னேன்.

தொண்டைக்குள்ளேயே சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. "சரியாக் கேக்கலிங்கம்மா, இன்னொருக்கா சொல்லுங்க" என்றார். இந்தத் தடவை தகரக் கொட்டகை முழுக்கக் கேட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். நானும் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். பேர் சொல்லிக் கூப்பிட்டால் ஆள் வருவதுதானே வழக்கம்.

அதிகாரி வேறு அட்டை எடுத்து, நிறுத்தி நிதானமாக எழுதினார். செல்வி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அரியலூர் வரும் வரை நான் ஸ்டவ்வைப் பற்றிக் கேட்கவே இல்லை. உதட்டுக்குள் உங்கள் பேரைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். நீங்கள் சொன்ன மாதிரி வாய்க்கு வந்துவிட்டதுங்க. இனி எந்த ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்று அதைச் சொல்லி உங்களைக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.