வென்ற ஆட்டத்தை மாற்றியவர்

டொலிடோ, ஒஹாயோ
பிப்ரவரி மாதம், சனிக்கிழமை காலை

அன்புள்ள கோல்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ நலமாக இருப்பாய் என்று நம்பி எழுதவில்லை. நலமாக இல்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன். வாசலில் உன் அப்பா டிரக்கைச் சூடேற்றிக்கொண்டு நிற்கிறார். இந்தக் கடிதம் தபாலில் வராது, அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். நீ திங்கட்கிழமை அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்குள் அவர் டெக்சாஸில் நீ இருக்கும் சான் அன்டோனியோ வந்து சேர்ந்தாக வேண்டும். இரண்டு நாள் சாலை. நான் ஒரு வரி எழுதுவதற்குள் இரண்டு தடவை உள்ளே வந்து கையுறை எங்கே, தெர்மாஸ் எங்கே என்று கேட்டுவிட்டார். இரண்டும் அவர் கையிலேயே இருந்தன.

எனக்குக் கோபம் இருக்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரோ நாலு பணக்காரர்கள் வசந்த கால ஃபுட்பால் லீக் என்று ஒன்றை ஆரம்பித்திருக்கிறார்கள். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்த, ஜனங்களுக்குப் பெயர் தெரிந்த குவாட்டர்பேக் ஒருவன் வேண்டியிருந்தது, நீ அகப்பட்டாய். ஆட்டத்தை விட்டு ஆறு வருஷம் கழித்து, முப்பத்திரண்டு வயதில். போன வாரம் போனில் எவ்வளவு லேசாகச் சொன்னாய்: “டீம் டாக்டர் கேட்டா தலைவலியே வர்றதில்லன்னு சொல்லிடுவேம்மா. அவங்களுக்கும் அதுதானே வேணும்.” அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு மாடிக்குப் போய் உன் அறையில் சும்மா நின்றுவிட்டு வருகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வந்தாயே, அப்போது நடந்ததை நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. சமையலறை விளக்கு கண்ணைக் குத்துகிறது என்று அணைக்கச் சொன்னாய். சரி என்று இருட்டிலேயே சாப்பிட்டோம். மறுநாள் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, “அம்மா, வேண்டா ஆன்ட்டி கடைக்கு இடது பக்கமா, வலது பக்கமா?” என்று கேட்டாய். நீ பிறந்து வளர்ந்த தெருடா அது. அந்த முனையில்தான் உனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தோம். நான் வலது பக்கம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். உன் அப்பா செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அது காதில் விழுந்திருக்கிறது என்று இந்த வியாழக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது.

வியாழக்கிழமை வேண்டாவின் மதுக்கடையில் இந்த வருஷத்து ‘மாற்று ஆட்டம்’ நடந்தது. உனக்குத் தெரியாததா? சீசன் முடிந்து பனியைத் தள்ளுவதைத் தவிர வேறு வேலையில்லாத இந்தக் கிழங்கள், பின்னறை மேசையில் பகடையையும் ஆட்டக்காரர்களின் சீட்டுகளையும் பரப்பிக்கொண்டு, நீ ஆடிய நம் ஸ்டோக்கர்ஸ் அணியின் தலையெழுத்தைத் திருத்தி எழுதுவார்கள். நடந்ததில் ஒன்றே ஒன்றை மாற்றலாம். மற்றதெல்லாம் நடந்தபடியே இருக்க வேண்டும். அதற்கப்புறம் பகடை சொன்னதுதான் சரித்திரம். அப்பாவின் கூட்டாளி மைலோவின் முறை வந்தால், அந்த நீளக் கழுத்துக்காரனுக்குப் பதில் ஜார்ஜியா பையனைக் குவாட்டர்பேக்காக எடுத்திருந்தால் என்று ஆரம்பிப்பான். அந்த ஜார்ஜியா பையன் மைலோவின் பகடையில் வாங்கிய கோப்பைகளை வைக்க இந்த ஊரில் இடம் போதாது. இன்னொருவர், காற்றில் கோணிப்போய் நம்மைத் தோற்க வைத்த அந்த உதையை நேராக்குவார்.

உன் அப்பாவின் முறையில் எப்போதும் ஒரே மாற்றம்தான். ஆறு வருஷத்துக்கு முன் கோல்பியை அணியிலிருந்து கழற்றிவிடவில்லை என்பது. உன் சீட்டில் தூர எறிதலுக்கு அவர் போட்டிருக்கும் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, “பெத்த பாசம் அடுத்த மாவட்டம் வரைக்கும் எறியுது” என்று மைலோ சிரிப்பான். மூன்று தடவை நீ சாம்பியன் ஆகிவிட்டாய். மூன்று தடவையும் உனக்குப் போன் போட்டு, நிஜமாகவே நடந்த மாதிரி ஆட்டம் ஆட்டமாகச் சொன்னார். நீயும் கேட்டாய். அந்தப் பகடைக் கோப்பையை வாங்கத்தான் இப்போது நீ கிளம்பியிருக்கிறாய் என்று நினைக்கிறேன். நான் நினைப்பது தப்பென்றால் சொல்.

அன்று ஜாம் வைத்த பொன்ச்கி பணியாரம் பொரித்தேன், அவர்களுக்குக் கொடுக்கலாம் என்று நானும் போயிருந்தேன். அப்பாவின் முறை. எல்லோரும் பழைய பாட்டுதான் என்று சீட்டைக் கலைக்க ஆரம்பித்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, “டிசம்பர் ஆட்டம். பனியில ஆடினோமே, அது” என்றார்.

யாருக்கும் புரியவில்லை. அது நாம் வென்ற ஆட்டம். வேண்டா கடையில் பாட்டில்களுக்கு மேலே உன் படம் தொங்குகிறதே, அந்த ஆட்டம். மைலோ அப்பாவைப் பார்த்துச் சொன்னான், “யோவ் காஸ், ஜெயிச்சதை எவனாவது மாத்துவானா? தோத்ததைத்தானய்யா மாத்துவோம். இத்தனை வருஷமா என்ன விளையாடுறோம் இங்க?”

“ஒண்ணை மாத்தலாம்னுதானே சட்டம். தோத்ததை மட்டும்னு எவன் சொன்னான்?” என்றார் அப்பா. “மூணாவது கால்பகுதி. பையன் அடிபட்டு விழுந்து எந்திரிச்சான். எந்திரிச்சு எதிரணி பெஞ்சுக்கு நடந்து போனான். அங்க போய் உக்காரப் பாத்தான். ஸ்டேடியமே சிரிச்சுது. கோச் அவனைத் திருப்பி உள்ள அனுப்பினாரு. அதைத்தான் மாத்துறேன். அனுப்பல. உக்கார வச்சுட்டாரு.”

கடைக்காரி வேண்டாதான், “சீட்டை வைங்கய்யா, அவர் முறைன்னா அவர் முறைதான்” என்றாள். அப்பா உன் சீட்டை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, மாற்று ஆட்டக்காரனின் சீட்டை வைத்தார். அந்தப் பையன் எறிந்த பந்தெல்லாம் எதிரி கைக்கே போனது. மைலோதான் எதிரணிக்குப் பகடை உருட்டினான். ஜெயிக்க ஜெயிக்க அவன் முகம் வாடிக்கொண்டே போனது. கடைசியில் கேவலமாகத் தோற்றோம். அடுத்த சீசனையும் உருட்டலாமா, கோல்பி திரும்பி வருவான் இல்லையா என்று கேட்டான். அப்பா, “வேணாம். பையன் வீட்டுக்கு வந்துட்டான், அது போதும்” என்று சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டார். மைலோ எழுந்து போய் அவருக்கு ஒரு பீர் வாங்கி வைத்தான். அவர் குடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தோம். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, “அன்னைக்கு நானும் சிரிச்சேன், ஜோலீன்” என்றார். நானும் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், அதற்கடுத்து நீ எறிந்த பந்துக்குத் தொண்டை கிழியக் கத்தினேன்.

கோல்பி, இந்த ஊரில் உன்னை எல்லோருக்கும் பிடிக்கும். பெட்ரோல் போடுகிற இடத்தில்கூட, மறுபடி ஆடப்போகிறானாமே என்று கேட்கிறார்கள். நல்ல ஜனங்கள்தான். ஆனால் உனக்கு வழி மறந்துபோனால் அவர்கள் யாரும் கூட வந்து சொல்லப்போவதில்லை. என் பிள்ளை என்னை யாரென்று கேட்கும் நாள் வந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. இதற்கு மேல் பூசி மெழுக எனக்குத் தெரியாது. நம் சர்ச்சில் வரும் டாக்டரம்மாவிடம் பேசிவிட்டேன். நீ வந்தால் உடனே பார்க்கிறேன் என்றிருக்கிறார். அவரிடமாவது உண்மையைச் சொல்.

அப்பா ஹாரன் அடித்துவிட்டார். முடிக்கிறேன்.

உன் அப்பாவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் வந்து நிற்பார். ஏன் வந்தேன் என்று மட்டும் சொல்லமாட்டார். மீன் பிடிக்கலாமென்று இந்தப் பக்கம் வந்தேன் என்பார். இப்போதுதான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உறைந்த ஏரியில் மீன் பிடிக்க ஐஸில் ஓட்டை போடுகிற துரப்பணத்தை டிரக்கில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருக்கிறார். டெக்சாஸுக்கு. நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, நீயும் சொல்லாதே. இங்கே ஐஸ் எங்கேப்பா இருக்கிறது என்று கேட்டுவிடாதே, கண்ணா. கதவைத் திற. சாப்பிட ஏதாவது கொடு. ஒரு ராத்திரி தூங்கவிடு. காலையில் அவர், சரி, நம்ம ஏரிக்கே போயிடலாமா என்று கேட்பார். சரி என்று மட்டும் சொல்லி, அவர் பக்கத்தில் ஏறி உட்கார்.

கடவுள் உன் தலையைக் காப்பாற்றட்டும்.

உன் வரவுக்காக வாசல் விளக்கைப் போட்டே வைத்திருக்கும்,
அம்மா ஜோலீன்